வெஸ்ட் லேக்ஸ் ஏரியில் முல்லோவே: லூரா, இரையா?

கேள்வி இதுதான்: அடிலெய்டுக்குக் குடிவந்து கொஞ்ச நாளாகிறது, வீடு வெஸ்ட் லேக்ஸ் ஏரிக்குப் பக்கத்தில். ஊருக்கு நடுவில் இருக்கும் அந்த ஏரியில் முல்லோவே மீன் கிடைக்கும் என்கிறார்கள். என்னிடம் படகு இல்லை. கரையில் நின்றே பிடிக்க முடியுமா? லூர் (செயற்கை இரை) போடுவதா, நிஜ இரை போடுவதா? பிடித்ததைச் சமைக்கலாமா?

கரையில் நின்றே பிடிக்கலாம். லூரில் தொடங்குங்கள். ஏரி உங்களுக்குப் பழகிய பிறகு இரைக்குப் போகலாம். சமைப்பதைப் பொறுத்தவரை ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அங்கே தூண்டிலில் ஏறும் முல்லோவேக்களில் பெரும்பாலானவை சட்டப்படி எடுத்துப்போகக் கூடாத இளம் மீன்கள். அதனால் எந்தத் தூண்டில் முள், எந்த நரம்பு (தூண்டில் இழை), எந்த இரை என்று முடிவெடுக்கும்போதெல்லாம் "இந்த மீன் உயிரோடு திரும்பப் போக வேண்டும்" என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்லும் பல விஷயங்களுக்குக் காரணம் அதுதான்.

முல்லோவே நம்மூர்க் கத்தாழை மீனின் குடும்பம். உடல் வாகு, முதுகின் வெள்ளிப் பளபளப்பு, தலைக்குள் இருக்கும் பெரிய காதுக்கல், கொர் கொர் என்று போடும் சத்தம் எல்லாம் அதே குடும்பத்துச் சாயல்தான். அளவில் மட்டும் வேறு ரகம். ஒன்றரை மீட்டரைத் தாண்டி வளரும், முப்பது வருடத்துக்கு மேல் வாழும். சிட்னிப் பக்கம் ஜூஃபிஷ் என்பார்கள், தென்னாப்பிரிக்காவில் கோப் என்பார்கள். எல்லாம் ஒரே இனம்தான்.

இப்போது ஏரிக்கு வருவோம். இந்த ஏரி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் லூர் கடையில் செலவழிக்கும் பணம் வீண். வெஸ்ட் லேக்ஸ் இயற்கையான ஏரி இல்லை. போர்ட் ஆற்றின் மேல்பகுதியாக, சதுப்பாகக் கிடந்த நிலம் அது. 1969இல் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றி, 1970களில் டெல்ஃபின் நிறுவனம் தோண்டி, கரை கட்டி, சுற்றிலும் வீடுகள் எழுப்பியது. தண்ணீர் பெரும்பாலும் கடல் தண்ணீர். தெற்கே செயின்ட் வின்சென்ட் வளைகுடாவிலிருந்து குழாய் வழியாக உள்ளே வருகிறது. ஏரியின் நீளம் முழுக்க நகர்ந்து, வடக்கே பவர் ரோடு பக்கம் இருக்கும் மதகு வழியாகப் போர்ட் ஆற்றில் இறங்குகிறது. கடலில் ஓதம் ஏறி, கடல்மட்டம் ஏரி மட்டத்தைத் தாண்டும்போது தெற்கே தண்ணீர் நுழையும். ஆற்றில் ஓதம் வற்றி, மட்டம் ஏரியைவிடக் கீழே போகும்போது வடக்கே தண்ணீர் வெளியேறும்.

கழிமுகத்தில் ஓதம் ஏறினால் ஒரு பக்கமும் வற்றினால் மறுபக்கமும் ஓடும். இங்கே ஓட்டம் எப்போதும் தெற்கிலிருந்து வடக்கு, ஒரே திசைதான். அதனால் தூண்டில்காரருக்கு இரண்டு நேரங்கள் கிடைக்கின்றன. கடல் ஏற்றத்தின் உச்சத்தை ஒட்டிய நேரத்தில் தெற்கு முனை உயிர் பெறும். புதுத் தண்ணீரோடு இறாலும் சிறுமீனும் வரும், அவற்றைத் தேடி மடவைக் கூட்டம் வரும், மடவையைத் தேடி முல்லோவே வரும். ஆற்றில் வற்றத்தின் அடி நேரத்தில் வடக்கு முனை உயிர் பெறும். மதகை நோக்கித் தண்ணீர் இழுக்கப்படும்போது அதோடு போகிற தீனியைக் காத்திருந்து பிடிக்க முல்லோவே அங்கே நிற்கும். மதகையும் குழாய் வாயையும் ஒட்டி அறிவிப்புப் பலகைகள் இருந்தால் படித்துப் பார்த்து, தள்ளி நில்லுங்கள். வாயிலேயே போய் நிற்கத் தேவையில்லை. ஓட்டம் விரிந்து மெதுவாகும் இடத்தில்தான் மீன் நிற்கும், சீறும் தண்ணீருக்குள் இல்லை.

அடிலெய்டின் அவுட்டர் ஹார்பர் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் தெற்கு ஆஸ்திரேலிய வளைகுடாக்களுக்கே உரிய ஒரு விசித்திரத்தைப் பார்ப்பீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இரண்டு மீட்டர் அளவுக்கு வித்தியாசம் இருக்கும். அதே இடத்தில், அட்டமி நவமியை ஒட்டிய ஓரிரு நாட்கள் கடல் அசையவே அசையாது. உள்ளூரில் இதை டாட்ஜ் டைட் என்பார்கள். நிலவு எழுப்பும் ஓதமும் சூரியன் எழுப்பும் ஓதமும் இந்த வளைகுடாவில் கிட்டத்தட்ட சம பலம். உலகத்தின் பெரும்பாலான கடற்கரைகளில் நிலவின் பங்குதான் அதிகம், அதனால் அங்கே அரைநிலா நாளில் ஓதம் குறையுமே தவிர நிற்காது. இங்கே இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. மார்ச், செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் காலத்தில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். கடலே அசையாதபோது ஏரிக்குள் என்ன நுழையும்? எனவே அட்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்காதே என்று பாட்டி சொன்னது இந்த ஏரிக்கு மட்டும் அப்படியே பொருந்தும். அந்த நாட்களில் முள்ளைத் தீட்டுங்கள், லீடர் (நரம்பின் நுனியில் முள்ளுக்கு முன்னால் வரும் தடித்த துண்டு) கட்டுங்கள், வீட்டிலேயே இருங்கள்.

அட்டவணை ஒரு கணக்குதான். மதகும் குழாயும் நடுவில் இருப்பதால் ஏரியின் ஓட்டம் கடலுக்குக் கொஞ்சம் பின்தங்கும், பலத்த தென்மேற்குக் காற்று அடித்தால் கடல்மட்டம் அட்டவணையை மீறியும் ஏறும். போய் நின்றதும் ஒரு காய்ந்த இலையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நகர்ந்தால் வேலையைத் தொடங்கலாம்.

அடுத்தது வெளிச்சம். நகரத்து ஏரியின் பெரிய வசதியே இதுதான். பாலங்களின் விளக்கு, தெரு விளக்கு, நடைபாதை விளக்கு எல்லாம் தண்ணீரில் விழுந்து, வெளிச்சமும் இருளும் சந்திக்கும் ஒரு கோட்டை வரையும். வெளிச்சத்தில் பூச்சியும் இறாலும் சிறுமீனும் கூடும். முல்லோவே வெளிச்சத்துக்குள் நிற்காது. இருட்டுப் பக்கத்தில், ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து, கோட்டை ஒட்டி நின்றுகொண்டு, வெளியே தவறி வரும் மீனை விழுங்கும். டெல்ஃபின் தீவுக்குப் போகும் பாலங்கள், விளக்கு விழும் கல்கட்டிய கரைகள், சிறு துறைகளின் நிழல் இவையெல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள். பாலத் தூணுக்குப் பின்னால், ஓட்டம் மந்தமாகச் சுழலும் இடத்தை விட்டுவிடாதீர்கள்.

பகலிலும் கிடைக்கும். குறிப்பாக மேகமூட்டமான நாளில், காற்று மேற்பரப்பைக் கலைத்துக்கொண்டிருக்கும்போது. ஆனாலும் என் கணக்கில் பொழுது சாய்ந்ததிலிருந்து இரண்டு மூன்று மணி நேரம், அப்புறம் விடியலுக்கு முந்திய நேரம், இவை இரண்டும்தான் சிறந்தவை. ஏரி ஆழமில்லாதது, சில மீட்டர்தான். வசந்தத்தில் வெயில் ஏறியதும் சீக்கிரம் சூடாகும். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை மீன் சுறுசுறுப்பாக இருக்கும். குளிர்காலத்திலும் மாட்டும், ஆனால் லூரை இன்னும் மெதுவாக ஆட்ட வேண்டும்.

லூர் ஏன் முதலில் என்றேன்? ஏரி எங்கும் மீன் இல்லை. இருக்கும் மீனும் கூட்டமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. இரை போட்டு உட்கார்ந்தால் அந்த ஓர் இடத்தைப் பற்றி மட்டும்தான் தெரியும். லூரோடு நடந்தால் ஒரே மாலையில் ஒரு கிலோமீட்டர் கரையைத் துழாவிப் பார்க்கலாம். எங்கே பள்ளம், எங்கே பாசி, எங்கே மடவை துள்ளுகிறது என்று ஏரி உங்களுக்குப் பாடமாகும். இன்னொரு காரணம், லூரில் மாட்டும் மீனுக்குப் பெரும்பாலும் முள் தாடை ஓரத்தில்தான் ஏறும். இரையில் மாட்டுவது பல நேரம் தொண்டைக்குள் போய்விடும்.

கருவி பெரிதாக வேண்டாம். ஏழடி ராட் (தூண்டில் கம்பு), 4 முதல் 8 கிலோ பலமுள்ள நரம்புக்கான வகை. 3000 அளவு ரீல். 10 முதல் 15 பவுண்டு பலமுள்ள பிரெய்டு (பின்னல் நரம்பு), அதன் நுனியில் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக 20 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர். முல்லோவேயின் வாய் சொரசொரப்பு. மெல்லிய லீடர் போட்டால் சண்டையின் நடுவில் தேய்ந்து அறுந்துவிடும். இந்த ஏரியில் பிரீம் மீனுக்கு மெல்லிய நரம்போடு நிற்பவர்களுக்குத்தான் எதிர்பாராமல் முல்லோவே மாட்டும். அந்த நரம்பில் இழுத்துக் கரைசேர்க்க வெகு நேரமாகும், அதற்குள் மீன் துவண்டுவிடும். அது வேண்டாம் என்றுதான் கொஞ்சம் கனமான நரம்பைச் சொல்கிறேன்.

லூர்களில் ஒன்றை மட்டும் வாங்குவதென்றால் நான்கு அங்குல சாஃப்ட் பிளாஸ்டிக் (மென்மையான பிளாஸ்டிக் மீன்), துடுப்பு வால் உள்ளது. தண்ணீர் தெளிவாக இருந்தால் மடவையைப் போன்ற வெளிறிய நிறம், கலங்கலாகவோ இருட்டாகவோ இருந்தால் கறுப்பு அல்லது கருஞ்சிவப்பு. இருட்டில் மீன் நிறத்தைவிட உருவத்தின் நிழலையும் வாலின் அதிர்வையும்தான் கண்டுகொள்கிறது. அதை மாட்டும் ஜிக் ஹெட்டின் (தலையில் ஈயம் வைத்த முள்) எடை 7 முதல் 10 கிராம். லூர் அடி தொடுவது கையில் தெரிய வேண்டும், ஆனால் கல் விழுவதைப் போல விழக் கூடாது. அதைவிட எடை கூடினால் இந்த ஆழமில்லாத ஏரியில் லூர் இயல்பாக இறங்காது.

எறிந்ததும் அடி தொடும்வரை காத்திருங்கள். ராட் நுனியை இரண்டு தடவை மெதுவாக உயர்த்தி, நரம்பு ஓரளவு இறுக்கமாக இருக்கும்படி திரும்ப இறங்க விடுங்கள். கடி பெரும்பாலும் அந்த இறக்கத்தில்தான் வரும். சில நேரம் டொக்கென்று ஒரு தட்டு. சில நேரம் இறங்க வேண்டிய லூர் இறங்காமல் நரம்பு தொய்ந்துபோகும். இரண்டுக்கும் உடனே சுண்டி இழுக்க வேண்டும். புதியவர்கள் தவறவிடுவது அந்த இரண்டாவதைத்தான், ஏனென்றால் கைக்கு ஒன்றும் தெரியாது, கண்ணால் நரம்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெளிச்சக் கோட்டில் எறியும்போது லூர் வெளிச்சப் பக்கத்தில் விழுந்து இருட்டுக்குள் நுழையும்படி நின்றுகொள்ளுங்கள். ஓட்டத்துக்கு மேல்பக்கமாக எறிந்து, ஓட்டத்தோடு வரவிடுங்கள். தீனி வரும் திசையிலிருந்துதான் லூரும் வர வேண்டும்.

சாஃப்ட் வைப் (இழுத்தால் அதிரும் மென்மையான லூர்) வகையும் நன்றாக வேலை செய்யும். 20 கிராம் பக்கம் எடையுள்ளவற்றை நடு ஏரியின் ஆழத்தில் தத்தித் தத்தி இழுக்கலாம். பாசி உள்ள ஓரங்களில் அதைப் போட்டால் ஒவ்வோர் இழுப்புக்கும் பச்சைக் கொத்து வரும். அங்கே மெதுவாகச் சுருட்டும் மினோ வகை (சிறுமீன் வடிவ) கடின லூர் நல்லது. இவற்றில் வரும் மும்முனை முட்களைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டிவிடுங்கள். மும்முனை முள் இளம் மீனின் முகத்தையும் செவுளையும் கிழித்துவிடும், கழற்ற நேரமும் பிடிக்கும். ஒற்றை முள்ளால் மீன் தவறுவது கொஞ்சம் கூடலாம். எனக்கு அதில் வருத்தமில்லை.

சரி, இரை. ஓர் இடத்தில் மீன் வருகிறது என்று லூர் மூலம் தெரிந்தபின், ஓட்ட நேரத்தையும் கணித்தபின், அங்கே இரை போட்டுக் காத்திருப்பது அர்த்தமுள்ள வேலை. பெரிய மீன்கள் லூரைவிட இரைக்கே அதிகம் வரும் என்பது என் நம்பிக்கை.

உயிருள்ள மடவை சிறந்த இரை என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் மஞ்சள் கண் மடவைக்குத் தெற்கு ஆஸ்திரேலியாவில் குறைந்தபட்ச அளவு 21 செ.மீ. இரைக்குத்தானே என்று விரலளவு மடவையைப் பிடித்து முள்ளில் மாட்டுவது சட்டவிரோதம். இதே ஏரியில் கிடைக்கும் சால்மன் குட்டிக்கும் அதே 21 செ.மீ.தான். அவ்வளவு பெரிய மடவையைப் பெரிய முல்லோவே எளிதாக விழுங்கும், ஆனால் கரையிலிருந்து எறிவதற்குக் கனம், உயிரோடு வைத்திருக்கக் காற்று விடும் வாளியும் வேண்டும்.

அதனால் நான் கணவாயைத்தான் சொல்வேன். புதிய ஊசிக்கணவாய். ஹென்லி, செமஃபோர், கிரேஞ்ச் கடற்கரைகளில் கடலுக்குள் நீளும் ஜெட்டிப் பாலங்களில் நீங்களே பிடிக்கலாம். கிடைக்காவிட்டால் சமையலுக்கு விற்கும் நல்ல கணவாயை மீன் கடையில் வாங்குங்கள். இரைக் கடைப் பொட்டலத்தில் பழுப்பாகிக் கிடப்பதைத் தொட வேண்டாம். சிறியதென்றால் முழுசாக, பெரியதென்றால் விரல் நீளத்துக்கும் அதிகமான பட்டையாக வெட்டி, நுனியில் மட்டும் முள்ளைக் கோத்து ஆடவிடுங்கள். முள்ளின் முனை வெளியே தெரிய வேண்டும். மத்தி வகையான பில்சார்டும் வேலை செய்யும், ஆனால் நண்டும் சிறுமீனும் அதைக் கொத்தியே தீர்த்துவிடும். கணவாய் தாக்குப்பிடிக்கும்.

முள் 5/0 அளவு சர்க்கிள் வகை (முனை உள்நோக்கி வளைந்தது). நரம்பில் ஓடும் ஈயம், ஓட்டத்தைத் தாங்கும் அளவுக்கு மட்டும், இங்கே சிறியதே போதும். அப்புறம் சுழலி, அரை மீட்டருக்குமேல் 25 பவுண்டு லீடர், நுனியில் முள். ரீலின் டிராக்கை (நரம்பு ஓடுவதைத் தடுக்கும் பிரேக்) தளர்த்தி வையுங்கள். முல்லோவே முதலில் இரையை வாயில் கவ்வி நகரும், கனம் தெரிந்தால் துப்பிவிடும். நரம்பு ஓடத் தொடங்கினால் பதறி வெட்டி இழுக்காதீர்கள். டிராக்கைப் படிப்படியாக இறுக்கினால் சர்க்கிள் முள் தானே திரும்பித் தாடை மூலையில் ஏறிக்கொள்ளும். சுண்டினால் முள் வெளியே வரும், இல்லையென்றால் தொண்டையில் ஏறும். ஆளுக்கு இரண்டு ராட் வரைதான் அனுமதி. இரண்டையும் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். ராட்டைக் குத்திவைத்துவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தால், மீன் விழுங்குவதற்கு நீங்களே நேரம் கொடுக்கிறீர்கள்.

மாட்டிய மீன் முதலில் நீண்ட ஓட்டம் ஒன்று ஓடும், விடுங்கள். ஏரி நடுவில் பெரிதாகத் தடையில்லை. படகுப் போட்டிப் பாதையின் மிதவைகளும் துறைத் தூண்களும்தான் ஆபத்து. கரைக்கு வந்தபின் இரண்டாவதாக ஒரு பாய்ச்சல் வரும், பலர் இழப்பது அங்கேதான். முடிச்சில்லாத ரப்பர் வலை ஒன்று நீளமான பிடியோடு கட்டாயம் வேண்டும். கல்கட்டிய கரையில் மீனை இழுத்தேற்றினால் செதிலும் வழுவழுப்பும் போய்விடும், அப்படித் திரும்பிய மீன் நோய்ப்படும்.

அளவெடுக்கும் பாயைத் தண்ணீரில் நனைத்துப் போடுங்கள். கையையும் நனையுங்கள். படம் எடுக்க ஆசையென்றால் வயிற்றுக்கடியில் ஒரு கை கொடுத்துப் படுக்கைவாட்டில் தூக்குங்கள். செவுளுக்குள் விரலைவிட்டுத் தொங்கவிடக் கூடாது. முள் தொண்டைக்குள் போயிருந்தால் இடுக்கியோடு போராட வேண்டாம், வாய்க்கு அருகில் நரம்பை வெட்டிவிட்டு மீனை விடுங்கள். நியூ சவுத் வேல்ஸில் முல்லோவேயை வைத்தே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். விழுங்கிய முள்ளைப் பிடுங்கிய மீன்களைவிட, நரம்பை வெட்டிவிட்ட மீன்கள் மிக அதிகமாகப் பிழைத்தன.

82 செ.மீ. என்பது இங்கே முல்லோவேக்கான குறைந்தபட்ச அளவு. முர்ரே ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய கூரோங் உப்பங்கழிக்கு மட்டும் வேறு கணக்கு, அதை இந்த ஏரிக்குச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஐந்தாறு வயதில், ஏறக்குறைய அந்த நீளத்தில்தான் மீன் முதிர்ந்து முட்டையிடத் தயாராகிறது. வெஸ்ட் லேக்ஸில் நீங்கள் பார்க்கப்போகும் 45, 60 செ.மீ. மீன்கள் எல்லாம் இன்னும் ஒரு தடவைகூட முட்டையிடாதவை. குஞ்சாக உள்ளே நுழைந்து, மடவையைத் தின்று வளர்ந்துகொண்டிருப்பவை. நகரத்தின் நடுவில் இப்படி ஒரு நாற்றங்கால் இருப்பது பெரிய விஷயம்.

2025 மார்ச் முதல் இந்தக் கடற்கரையைத் தாக்கிய கரேனியா பாசிப் பெருக்கு அதை இன்னும் முக்கியமாக்கிவிட்டது. செயின்ட் வின்சென்ட் வளைகுடாவில் மீன்கள் பெருமளவில் செத்து ஒதுங்கின. ஏரி அந்த வளைகுடாவின் தண்ணீரைத்தான் குடிக்கிறது. இதையொட்டி மீன்பிடி வரம்புகளையும் மாற்றியிருக்கிறார்கள், இன்னும் மாறலாம். ராட் தூண்டிலுக்குக் கடலில் உரிமம் தேவையில்லை என்பதால் விதியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். போகும் நாளன்று பிர்சா, அதாவது மாநிலத்தின் மீன்வளத் துறையின் பக்கத்திலோ செயலியிலோ அளவையும் எண்ணிக்கையையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

சமையல் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். சுற்றுப்புறத் தெருக்களின் மழைநீரெல்லாம் இந்த ஏரியில்தான் விழுகிறது. பெருமழைக்குப் பிறகு சில நாட்கள் நான் இங்கிருந்து எதையும் சாப்பிட மாட்டேன். கலங்கிய தண்ணீரில் முல்லோவே நன்றாகவே கடிக்கும், பிடித்து விடுவதற்கு அது நல்ல நேரம். வறண்ட வாரத்தில் அளவு தாண்டிய மீன் கிடைத்து, அதை எடுக்க விதியும் இடம் கொடுத்தால், ஒன்றே ஒன்று எடுங்கள். ஒரு குடும்பத்துக்கு அது தாராளம். கரையிலேயே கொன்று, செவுளை வெட்டி ரத்தம் வடித்து, உடனே ஐஸில் வையுங்கள். சிறிய முல்லோவேயின் சதை தொளதொளவென்று சுவையில்லாமல் இருக்கும், அதற்குச் சோப்பு மீன் என்றே இங்கே பட்டப்பெயர் உண்டு. பெரியதன் சதை வெண்மையாக, இதழ் இதழாகப் பிரியும். தலையைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுத்துண்டுகளைப் புளிக்குழம்பில் போடுவதென்றால் இரண்டு விரல் தடிமனுக்குக் குறையாமல் வெட்டி, குழம்பு நன்றாகக் கொதித்து வற்றிய பிறகு கடைசியில் போடுங்கள், கரண்டியால் கிளறாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றிவிடுங்கள்.